நான்கு இடங்களில் குறைந்த சத்தம்

கண்ணு, கல்யாணப் பத்திரிகை வைக்க வேண்டியவர்களின் பட்டியலை முந்தாநாள் என் கையில் கொடுத்துவிட்டு நீ துணி எடுக்கப் போனாய். மூன்றாம் பக்கத்தில் உன் அப்பா எழுதியிருந்த 'செல்வின், அருள்புரம்' என்ற வரியை நீ ஒருமுறை அடித்திருந்தாய். அது போதாதென்று அதன் மேலேயே இன்னொரு முறையும் அடித்திருந்தாய். ராத்திரி சாப்பிடும்போது அப்பா ஏன் என்று கேட்டார். "அவரே ஒத்துக்கிட்டாருங்கப்பா. அம்மாவோட சத்தத்த நாந்தான் கொறைச்சேன்னு அத்தனை பேரு முன்னால சொன்னவர எதுக்குங் கூப்படோணும்?" என்றாய். நான் ரசத்தை ஊற்றிக்கொண்டு நின்றேன். நீ சொன்னது உண்மைதான். அவர் அப்படித்தான் சொன்னார். ஆனால் அவர் ஏன் குறைத்தார் என்பது அவர் வாயைத் திறப்பதற்கு இரண்டு நாள் முன்பே எனக்குத் தெரியும். ஆறு வருடமாக அதை உன்னிடம் சொல்லாமல் இருந்துவிட்டேன். நீ இன்னொரு வீட்டுக்குப் போவதற்கு முன் சொல்லிவிட வேண்டும். சொல்லாவிட்டால் அந்த மனிதர் உன் மனதில் எப்போதும் குற்றவாளியாகவே இருப்பார்.

நேரில் சொல்ல முடியாதா என்று கேட்பாய். நேரில் சொன்னால் உன் முகத்தைப் பார்த்துப் பார்த்து ஒவ்வொரு வார்த்தையையும் மாற்றிக்கொண்டே போவேன். முடிவில் என் மேல் இரக்கம் வருகிற மாதிரிச் சொல்லி முடித்திருப்பேன். என்னை எனக்குத் தெரியும். அதோடு, நான் அவர் மேல் குற்றம் சொன்னது சபைக் கமிட்டியின் முன்னால். அதனால் நீ வாசித்த பிறகு இந்தக் கடிதத்தைச் சபையின் மாத மடலில் போடும்படி போதகர் ஐயாவிடம் கேட்கப் போகிறேன். முதலில் நீ.

என் வேலை உனக்குத் தெரியும். இருபது வருடமாகச் செக்கிங் மேசைக்குப் பின்னால் நிற்கிறேன். தைத்து வரும் ஒவ்வொரு பனியனையும் டியூப் லைட்டுக்கு நேராக விரித்துப் பிடித்து, இதில் ஓட்டை எங்கே, கறை எங்கே, தையல் விட்டது எங்கே என்று தேடுவதற்குத்தான் சம்பளம். நல்ல பீஸ் என்று ஒன்று எனக்குக் கிடையாது, இன்னும் குறை கண்டுபிடிக்காத பீஸ்தான் உண்டு. இந்தப் பழக்கம் சாயங்காலம் கம்பெனி பஸ்ஸை விட்டு இறங்கும்போது இறங்கிவிடாது, வீட்டுக்கும் கோயிலுக்கும் கூடவே வரும். பக்கத்து வீட்டுக்காரர் இரண்டு நாள் பேசாமல் போனால் அவருக்குப் பல்வலியாக இருக்கும் என்று உன் அப்பா நினைப்பார். நான் என்ன கோபம் என்று யோசிப்பேன். நீ என்னைப் போல இருக்கிறாய் என்று சொந்தக்காரர்கள் சொல்லும்போதெல்லாம் எனக்கு உள்ளே ஒரு பயம் வரும். எதில் என்று அவர்கள் சொல்வதில்லை.

நான் பாட ஆரம்பித்த காலத்தில் நம் கோயிலில் ஒரு ஆர்மோனியம் மட்டும்தான். மைக் போதகருக்கு மட்டும். பாடுகிறவர்கள் தொண்டையைத் திறந்து பாடுவோம், கடைசி வரிசை வரை போகும், அல்லது போகாது. அதைப் பற்றி யாரும் கவலைப்பட்டதில்லை. எண்பதுகளின் நடுவில் ஊருக்குள் கம்பெனிகள் பெருகின. தெற்கத்திக் குடும்பங்கள் வந்தன. ஆராதனைக்கு இடம் போதாமல் ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட பெரிய மண்டபம் வந்தது. கம்பெனி வைத்திருந்த ஒருவர் கீபோர்டும் டிரம்ஸும் வாங்கிக் கொடுத்தார். கீபோர்டில் நீ உட்கார்ந்தாய். பதினான்கு வயது, அந்த உயரமான ஸ்டூலில் கால் தரையில் சரியாகப் பாவாது. கிட்டார் வாசித்த டேவிட் தன் சொந்த ஆம்ப்ளிபையரை எனக்கு நேர்ப் பின்னால் வைத்தார். பாடுகிறவர்களுக்கு நானும் கிரேஸும் முன்வரிசை. எங்கள் குரல் எங்களுக்கே கேட்பதற்காக, எங்களைப் பார்த்துத் திருப்பித் தரையில் வைத்த ஒரே ஒரு ஸ்பீக்கர் பெட்டி. அதை மானிட்டர் என்பார்கள். இத்தனையையும் ஒரு மிக்சரில் இணைத்து, மண்டபத்தின் பின்கோடியில் உட்கார்ந்து கூட்டிக் குறைத்தவர் செல்வின். நிட்டிங் கம்பெனியில் எலெக்ட்ரீசியன். திருச்செந்தூர்ப் பக்கம். ஞாயிற்றுக்கிழமை வேலைக்குச் சம்பளம் எதுவும் கிடையாது.

அந்த மேடையில் நடந்தது உனக்கு நினைவிருக்கும். டிரம்ஸ் கேட்கிறது என்று டேவிட் கிட்டாரை ஏற்றுவார். கிட்டார் கேட்கிறது என்று நீ கீபோர்டை ஏற்றுவாய். உங்கள் இருவருக்கும் மேலே கேட்க வேண்டும் என்று டிரம்ஸ்காரர் இன்னும் ஓங்கி அடிப்பார். இரண்டாவது சரணம் வரும்போது நான் வாய் அசைப்பது எனக்குத் தெரியும், குரல் வருகிறதா என்று தெரியாது. "என்ற சத்தம் எனக்கே கேக்க மாட்டேங்குதுங்க செல்வின், கொஞ்சம் கூட்டி வைங்க" என்று ஒவ்வொரு சனிக்கிழமை ஒத்திகையிலும் சொல்வேன்.

"அக்கா, பெட்டிய இன்னும் ஏத்துனா மைக் கீச்சுன்னு கூவிரும். உங்களக் கூட்டணும்னா மத்தவங்களக் குறைக்கணும். அவங்க ஆம்ப்பு அவங்க கையிலல்லா இருக்கு?" என்பார் அவர்.

டேவிட் உடனே, "நான் கம்மியாத்தானுங்க வெச்சிருக்கறேன். டிரம்ஸத் தாண்டி என்ற காதுக்கு வர வேண்டாமுங்களா?"

டிரம்ஸ்காரர் எழுந்து நின்றுவிட்டார். "டிரம்ஸுக்குக் கூட்டறக்கும் கொறைக்கறக்கும் பட்டன் எங்கீங்க இருக்குது? என்ற கையத்தான் ஒடிக்கோணும்."

அடுத்த சனிக்கிழமை செல்வின் சைக்கிள் கேரியரில் ஒரு மூட்டையைக் கட்டிக்கொண்டு வந்தார். கட்டிங் டேபிளில் மிஞ்சுகிற பனியன் வேஸ்ட். பெரிய டிரம்மின் தோலைக் கழற்றி, உள்ளே அந்தத் துணியைத் தலையணைக்குப் பஞ்சு திணிப்பதைப் போலத் திணித்தார். தரையில் இருந்த டேவிட்டின் ஆம்ப்பை ஒரு ஸ்டூலில் ஏற்றி, அவர் காதைப் பார்த்துச் சாய்த்து வைத்தார். "இப்பப் பாதி வையுங்க, போதும்" என்றார். டேவிட் வாசித்துப் பார்த்துவிட்டு, "அட, இத்தன நாளு என்ற முட்டிக்கல்லோ வாசிச்சிட்டிருந்திருக்கறேன்" என்றார். நீ கீபோர்டின் மேல் கவிழ்ந்து சிரித்தாய். அன்றைக்கு மேடை முதல்முறையாக அமைதியாக இருந்தது. எல்லோரும் சந்தோஷமாக வீட்டுக்குப் போனார்கள். நான் மட்டும் வேறொன்றைப் பார்த்துக்கொண்டு நின்றேன். மானிட்டர் பெட்டியின் முகம் எங்கள் இருவருக்கும் நடுவில் இல்லை, ஒரு சாண் கிரேஸ் பக்கமாகத் திரும்பியிருந்தது. எவ்வளவு விலகியிருக்கிறது என்று தரையில் பதித்த கல்லை எண்ணிப் பார்த்தேன்.

கிரேஸும் தெற்கத்திக்காரி. செல்வின் அவளை "மைனி" என்பார், என்னை "அக்கா" என்பார். அவர்களுடைய ஊரில் அண்ணன் மனைவியை அப்படி அழைப்பார்கள் என்பதும், அவள் கணவரோடு அவருக்கு அண்ணன் தம்பி மாதிரிப் பழக்கம் என்பதும் எனக்குத் தெரியும். ஆனாலும் அந்த ஒரு சொல்லில் ஏதோ இருக்கிறது என்று நினைத்தேன். அவர்கள் பேசிக்கொள்ளும்போது அந்தப் பேச்சில் பாதி எனக்குப் புரியாது. புரியாத பாதி என்னைப் பற்றியது என்று முடிவு செய்துகொண்டேன். நம் மண்டபத்தில் இரண்டு பேச்சு இருந்ததும், ஆராதனை முடிந்தால் வாசலில் இரண்டு கும்பலாக நின்றதும் உனக்குத் தெரியும். "அந்தப் பக்கத்து ஆளுங்க ஒருத்தரொருத்தரு உட்டுக் குடுக்க மாட்டாங்க" என்று உன் அப்பாவிடம் சொன்னேன். அவர், "நாம மட்டும் என்ன, உட்டுக் குடுத்தறமாக்கும்?" என்று கேட்டுவிட்டுச் செய்தித்தாளைத் திருப்பினார். அவரும் என்னைப் புரிந்துகொள்ளவில்லை என்று அதையும் சேர்த்து வைத்துக்கொண்டேன்.

நான் ஓயாமல் கேட்டுக்கொண்டே இருந்ததால் செல்வின் ஒன்று செய்துகொண்டு வந்தார். வாக்மேன் இயர்போனில் ஒரு பக்கத்தை வெட்டி, நீள ஒயர் போட்டு, நடுவில் ஒரு சோப்பு டப்பாவுக்குள் சின்னத் திருகு வைத்திருந்தார். "இது உங்களுக்கு மட்டும். உங்க குரல் நேரா உங்க காதுக்கு வரும். வேணுங்கிற அளவு நீங்களே திருகிக்கிடுங்க. முக்காட்டுக்குள்ள யாருக்கும் தெரியாது" என்றார். ஞாயிற்றுக்கிழமை சேலைத் தலைப்பை இழுத்துப் போட்டுக்கொண்டு அதை மாட்டிக்கொண்டேன். ஒயர் கழுத்தோரம் தெரிந்திருக்கிறது. ஆராதனை முடிந்து படியிறங்கும்போது மேரியக்கா என் கையைப் பிடித்து, நாலு பேருக்குக் கேட்கிற மாதிரி, "ஏனுங் அம்மிணி, ஸ்கோரு என்னாச்சுங்? எத்தன விக்கெட்டு போச்சு?" என்றார். வாசலே சிரித்தது. இரண்டு கும்பலும் சேர்ந்து சிரித்தன. அன்றைக்கே அந்தச் சோப்பு டப்பாவைச் செல்வின் கையில் திருப்பிக் கொடுத்தேன். வேண்டுமென்றே என்னைக் கேலிப் பொருளாக்கினார் என்று வீட்டில் வந்து சொன்னேன். நீ எனக்காகக் கோபப்பட்டாய், நினைவிருக்கிறதா?

கேலி ஒரு காரணம்தான். இன்னொன்றை யாரிடமும் சொன்னதில்லை. அந்த இயர்போனில் என் குரல் எனக்கு முதல்முறையாகத் தனியாகக் கேட்டது. மேலே போகவேண்டிய இடத்தில் அது சுருதிக்குக் கொஞ்சம் மேலேயே போய் நின்றது. கீபோர்டோடு சேரவில்லை. உன் கீபோர்டில் ஏதோ கோளாறு என்று நினைத்துக்கொண்டேன், கண்ணு. உன்னைக்கூட விட்டுவைக்கவில்லை நான்.

நீ பத்தாவது படித்த வருடம் கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரங்களில் ஒன்று கவனித்தேன். பாடிக்கொண்டிருக்கும்போது சில இடங்களில் மானிட்டரிலிருந்து என் குரல் திடீரென்று காணாமல் போகும். ஒரு வரி முடியும் முன் திரும்பி வந்துவிடும். ஒருநாள் மைக்கைத் தட்டிப் பார்த்தேன். ஒருநாள் ஒயரை மாற்றச் சொன்னேன். பிறகு பாட்டுப் புத்தகத்தில் பென்சிலால் குறிக்க ஆரம்பித்தேன். மூன்று வாரத்தில் எனக்குச் சந்தேகமே இல்லை. பின்கோடியில் உட்கார்ந்து ஒருவர் என்னைக் குறைக்கிறார். கமிட்டிச் செயலரிடம் போய்ச் சொன்னேன். "ஞாயித்துக்கிழம வெச்சுக் கேட்டுப்போடலாமுங்க" என்றார் அவர். கேட்கும்போது கையில் ஆதாரம் இருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. படுக்கையில் கிடக்கும் வயசானவர்களுக்காக ஒவ்வொரு வார ஆராதனையையும் செல்வின் மிக்சரிலிருந்தே கேசட்டில் பதிவு செய்வார். மடத்துக்குளத்தில் இருக்கும் என் அக்காவுக்கு வேண்டும் என்று சொல்லி, அந்த வாரக் கேசட்டை அவரிடமே வாங்கி வந்தேன். அவர் அதன் மேல் ஒட்டியிருந்த தாளில் அழகாகத் தேதி எழுதிக் கொடுத்தார்.

வெள்ளிக்கிழமை. கம்பெனியில் கரண்டு இல்லாமல் மத்தியானமே அனுப்பிவிட்டார்கள். நீ பள்ளியில், அப்பா வேலையில். டேப் ரிக்கார்டரைச் சமையல் மேடையில் வைத்து, பாட்டுப் புத்தகத்தைப் பக்கத்தில் விரித்துக்கொண்டு உட்கார்ந்தேன். முதலில் கேட்டது என் குரல். பெரிதாக, எல்லோருக்கும் முன்னால். கிரேஸ் எனக்குப் பின்னால் மெல்லிசாக இருந்தாள். நான் மேடையில் நின்றுகொண்டு கேட்கவில்லை, கேட்கவில்லை என்று புலம்பிய குரல் மண்டபம் முழுக்கப் போய்க்கொண்டிருந்திருக்கிறது. மேடையில் கேட்பது வேறு, மண்டபத்தில் கேட்பது வேறு என்று அவர் எத்தனையோ முறை சொல்லியிருந்தார். ஒருநாளாவது நான் இறங்கிப் போய்க் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, அங்கே என்ன கேட்கிறது என்று பார்த்ததில்லை.

பிறகு பென்சில் குறி வைத்த இடம் வந்தது. என் குரல் மேலே ஏறி, சுருதி விலகி, கத்தலாக மாறியது. கேட்க எனக்கே கூசியது. அந்த நொடியில் அது சட்டென்று சின்னதாகியது. ஓட்டை தெரிகிற இடத்தில் யாரோ கையை வைத்து மூடுகிற மாதிரி. கிரேஸின் குரலும் கீபோர்டும் அந்த இடத்தை நிரப்பின. சுருதிக்குள் நான் திரும்பியதும் குரல் மறுபடி பெரிதாகியது. அந்த ஆராதனையில் நான்கு இடம். நான்கையும் திருப்பித் திருப்பிக் கேட்டேன். நான்கிலும் நான் தவறியிருந்தேன். நான்கிலும் அவர் என்னைக் குறைத்திருந்தார். என் சந்தேகத்தில் ஒரு எழுத்துக்கூடப் பொய் இல்லை. அவர் குறைத்தார். சபையில் யாருக்கும் என் தப்பு தெரிந்துவிடக் கூடாது என்று குறைத்தார்.

அப்போது நான் செய்ததை மாற்றாமல் எழுதுகிறேன். கேசட்டின் மேல் வேறெதுவும் பதியாமலிருக்க அவர் முனையில் உடைத்து வைத்திருந்த இடத்தில் காகிதத்தை மடித்து அடைத்தேன். ரேடியோவைப் போட்டேன். பதிவு செய்யும் சிவப்புப் பட்டனை அழுத்தினேன். வேளாண்மை நிகழ்ச்சி ஓடிக்கொண்டிருந்தது. பருத்திக்கு என்ன மருந்து அடிக்க வேண்டும் என்று ஒருவர் பொறுமையாகச் சொன்னார். அவருக்குப் பிறகு எது வந்தாலும் வரட்டும் என்று இரண்டு பக்கமும் முடியும் வரை விட்டேன். சாயங்காலம் நீ வந்து, "ஏம்மா, அந்தக் கேசட்டு எங்க? நான் வாசிச்சது எப்படி இருக்குன்னு கேக்கோணும்" என்றாய். பெரியம்மாவுக்கு அனுப்பிவிட்டேன் என்றேன். அது அரிசி டப்பாவுக்குப் பின்னால் இருந்தது.

இரண்டு நாள் இருந்தது எனக்கு. செயலர் வீட்டுக்குப் போய், நான் தப்பாக நினைத்துவிட்டேன் என்று சொல்லியிருக்கலாம். ஏன் என்று அவர் கேட்பார், என்னால் சொல்ல முடியாது என்று நினைத்தேன். பெண்கள் பக்கத்தில் முதல் குரல் என்ற ஒன்றுதான் எனக்கு இந்த ஊரில் இருந்த மரியாதை என்று அப்போது தோன்றியது. அதை விடப் பெரியதாக வேறு எதுவும் தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து கமிட்டி கூடியது. நீ கீபோர்டு உறையை மடித்து மடியில் வைத்துக்கொண்டு ஓரத்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தாய். உன்னை வெளியே போகச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை. நானும் சொல்லவில்லை. அதற்குக் காரணம் இருந்ததோ என்று இப்போது என்னையே சந்தேகப்படுகிறேன். உன்னை அவர் பாப்பா என்பார், சனிக்கிழமைகளில் மிக்சரில் எந்தத் திருகு எதற்கு என்று உனக்குச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தார். நீ அங்கே இருந்தால் அவர் அதிகம் பேசமாட்டார் என்று எனக்குள் எங்கேயோ ஒரு கணக்கு இருந்திருக்கலாம்.

செயலர் ஏதோ சுற்றிவளைத்து ஆரம்பித்தார். நான் நடுவில் புகுந்தேன். செக்கிங் மேசையில் ஒரு தையல்காரரை நிறுத்திக் கேட்பதைப் போல, வேறு வழியே இல்லாத கேள்வியாகக் கேட்டேன். "செல்வின், சுத்தி வளைக்க வேண்டாமுங்க. நான் பாடறப்ப என்ற சத்தத்தக் கொறைச்சீங்களா, கொறைக்கலீங்களா? அத மட்டும் சொல்லுங்க."

அவர் என்னைப் பார்த்தார். பிறகு உன்னைப் பார்த்தார். "குறைச்சேன்க்கா" என்றார்.

"ஏனுங்க கொறைச்சீங்க?" என்று செயலர் கேட்டார்.

"எனக்கு அப்படித் தோணுச்சு. குறைச்சேன்."

அவ்வளவுதான். ஆறு மாதம் மிக்சரைத் தொட வேண்டாம் என்று முடிவானது. அவர் மிக்சர் பெட்டியின் சாவியை மேசையில் வைத்துவிட்டு எழுந்தார். வாசலில் "பாப்பா" என்று கூப்பிட்டார். நீ திரும்பாமல் என் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தாய். உன் கை என் கையை எவ்வளவு இறுக்கமாகப் பிடித்திருந்தது என்பது இன்றைக்கும் எனக்குத் தெரியும். அவர் அதன் பிறகு நம் சபைக்கு வரவில்லை. கிரேஸ் குடும்பமும் வேறு இடம் போனது. எனக்குத் தொண்டை சரியில்லை என்று சொல்லி இரண்டு மாதத்தில் நானும் பாடுவதை விட்டேன். பிளஸ் ஒன்னில் எலெக்ட்ரானிக்ஸ் பக்கம் போவேன் என்று அந்த வருடம் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்த நீ, காமர்ஸ் குரூப்பில் சேர்ந்தாய். ஏன் என்று அப்பா கேட்டதற்கு, "புடிக்கலீங்க" என்றாய். யாரைப் பிடிக்காமல் போனதால் எது பிடிக்காமல் போனது என்று எனக்குத் தெரிந்திருந்தது.

நேற்றைக்கு நான் அருள்புரம் போனேன். உன்னிடம் பல்லடத்தில் வேலை என்று சொன்னேன். மெயின் ரோட்டில் ஸ்டெபிலைசரும் ஆம்ப்பும் ரிப்பேர் செய்யும் கடை வைத்திருக்கிறார். தலை நரைத்திருக்கிறது. என்னைப் பார்த்ததும் சால்டரிங் கம்பியைக் கீழே வைத்துவிட்டு, "வாங்கக்கா, உக்காருங்க" என்றார், போன வாரம் பார்த்த மாதிரி. பத்திரிகையைக் கொடுத்தேன். படித்தார். "பாப்பாவுக்கா? நல்லது, நல்லது. மாப்பிள்ளை எந்த ஊரு?" என்றார். உடுமலை என்றேன். பிறகு கேசட்டைப் பற்றிச் சொன்னேன். நின்றுகொண்டே சொன்னேன். பாதியில் அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"தெரியும்க்கா. கேசட்டு வாங்கிட்டுப் போயிட்டு, அப்புறம் அதப் பத்திப் பேச்சே எடுக்கலையே நீங்க. கேட்டிருப்பியன்னு அன்னைக்கே நினைச்சேன்."

"அப்பறம் ஏனுங்க நீங்க காரணத்தச் சொல்லல?"

"எப்படிச் சொல்ல? அம்மை சுருதி விட்டுப் பாடுதாங்கன்னு அந்தப் புள்ளைய வச்சிக்கிட்டு?" சால்டரிங் கம்பியின் முனையைத் துடைத்துக்கொண்டே, "அது மட்டும் இல்ல. எனக்கும் கோவம். இவ்வளவு செஞ்சும் இப்படிக் கேக்காங்களேன்னு. போங்க, உங்க மிக்சரும் நீங்களும்னு வந்துட்டேன். என்னைய ரொம்ப நல்லவனாக்கிராதீங்க" என்றார்.

என்னை மன்னிக்கச் சொல்லிக் கேட்டேன், கல்யாணத்துக்கு வர வேண்டும் என்றேன். பத்திரிகையை மடித்து என் பக்கமாகத் தள்ளினார். மரியாதைக் குறைவாக இல்லை. "நீங்க வந்ததுக்குச் சந்தோஷம். ஆனா எனக்கு உங்க மேல பெருசா ஒண்ணும் இல்லக்கா. திரும்பிப் பாக்காமப் போனது பாப்பா. அதான் இன்னும் உறுத்துது. அது வந்து கூப்பிட்டா வாரேன். நீங்க கூப்பிட்டு வர முடியாது."

திரும்பி வரும் பஸ்ஸில் எனக்கு ஒரு யோசனை வந்தது. எவ்வளவு சுலபமாக வந்தது என்பதைத்தான் நீ தெரிந்துகொள்ள வேண்டும். உன்னிடம் வந்து, "போகட்டும் கண்ணு, எத்தன வருசமாச்சு, மன்னிச்சு உட்டுரு, ஒரு பத்திரிக வெச்சுட்டு வா" என்று மட்டும் சொல்லலாம். நீ போவாய். பெரிய மனதோடு அவர் முன்னால் நின்று, பழசை மறந்துவிட்டேன் அண்ணா என்பாய். அவர் அதையும் ஒன்றும் சொல்லாமல் வாங்கிக்கொள்வார். கல்யாணத்துக்கும் வருவார். எல்லாம் நன்றாக முடியும், எனக்கும் ஒன்றும் ஆகாது. அருள்புரத்திலிருந்து வீரபாண்டிப் பிரிவு வரும் வரை இதை ஒரு நல்ல காரியம் என்றே நினைத்துக்கொண்டு வந்தேன். இறங்கும்போதுதான் இது கேசட்டின் மேல் வேளாண்மை நிகழ்ச்சியைப் பதிந்ததைப் போன்ற இன்னொரு வேலை என்று புரிந்தது. வீட்டுக்கு வந்து இதை எழுத உட்கார்ந்தேன்.

புத்தி சொல்ல எனக்கு உரிமை இருக்கிறதா என்று தெரியவில்லை. ஆனாலும் ஒன்று. புது வீட்டில் உன் பேச்சு எடுபடவில்லை, உன்னை யாரோ குறைக்கிறார்கள் என்று தோன்றும் நாள் வரும். எல்லோருக்கும் வரும். அது சில சமயம் உண்மையாகவும் இருக்கும், அதனால் சந்தேகப்படாதே என்று நான் சொல்லமாட்டேன். சந்தேகப்படு. ஆனால் உன் சந்தேகத்தை மட்டும் உறுதி செய்கிற கேள்வியைக் கேட்காதே. குறைத்தாயா என்று கேட்டால் அதோடு நிறுத்தாதே, ஏன் என்று நீயே கேள், பதில் வரும் வரை அங்கேயே நில். அந்தப் பதில் உன்னைப் பற்றியதாக இருக்கலாம் என்ற பயத்தில்தான் நான் நிற்கவில்லை. அப்புறம், நீ எதிலாவது தவறும்போது உன் மாமியாரோ உன் கணவரோ அதை மற்றவர்கள் பார்க்காதபடி மறைத்தால், அதை ஒரு கணம் நீ அவமானமாகத்தான் உணர்வாய். அந்த ஒரு கணத்தில் எதையும் முடிவு செய்துவிடாதே.

அந்தப் பட்டியலில் நீ அடித்த பெயரை நான் திரும்ப எழுதவில்லை. பத்திரிகை ஒன்றை மட்டும் பெயர் எழுதாமல் இந்தக் கடிதத்தோடு வைத்திருக்கிறேன். போவதும் போகாததும் உன் இஷ்டம். போனால் மன்னிக்கிறவளாகப் போகாதே. என் சார்பாக மன்னிப்பும் கேட்காதே, அதை நான் கேட்டுவிட்டேன், அவர் ஏற்றுக்கொண்டாரா என்று எனக்குத் தெரியாது. உனக்கும் அவருக்கும் இருப்பதை மட்டும் பேசு.

ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். எந்த நாள் போகிறாய் என்று என்னிடம் சொல்லாதே. சொன்னால், நீ அந்தக் கடையில் உட்கார்ந்திருக்கும் நேரம் முழுக்க நீங்கள் இரண்டு பேரும் என்னைப் பற்றி என்ன பேசிக்கொள்கிறீர்கள் என்று நினைத்துக்கொண்டே இருப்பேன். திரும்பி வந்ததும் உன் முகத்தில் அதைத் தேடுவேன். உன்னை அந்தப் பார்வைக்கு முன்னால் நிறுத்த எனக்கு விருப்பமில்லை, கண்ணு. நீ பாட்டுக்குப் போய்விட்டு வா.

அம்மா